ஒரு வருடத்தில் பட்டம்: காசைக் கட்டலாமா?

கேள்வி: 2018இல் பியர்சன் எச்.என்.டி. (உயர் தேசிய டிப்ளோமா) கொம்பியூட்டிங் முடித்தேன். இப்போது ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். ஒரு வருட டொப்-அப் படித்தால் பிஸ்னஸ் கொம்பியூட்டிங்கில் பிரித்தானியப் பட்டம் கிடைக்கும் என்கிறார்கள். இது மூன்று வருடப் பட்டத்துக்குச் சமமா?
- வாசகி, வவுனியா

பதில்: சமம்தான், தங்கச்சி. இங்கிலாந்தில் ஹொனர்ஸ் பட்டம் என்றால் 360 கிரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு). முழு எச்.என்.டி. முடித்த உங்களிடம் 240 இருக்கிறது. மிச்சம் 120, அதாவது மூன்றாம் வருடம், அதைத்தான் படிக்கப் போகிறீர்கள்.

ஆனால் கஷ்டமான வருடமும் அதுதான். பெரும்பாலும் அந்த ஒரு வருடப் புள்ளிகளை வைத்தே வகுப்பைத் தீர்மானிப்பார்கள். 70 எடுத்தால் முதல் வகுப்பு, 60 எடுத்தால் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. தடுமாறிப் பழக நேரம் கிடைக்காது. அதோடு ஒரு பெரிய ப்ரொஜெக்டும் இருக்கும். அதற்கு நீங்கள் வெளியே தேடி அலைய வேண்டியதில்லை. ஸ்டொக் கணக்கும் கடன் கொப்பியும் எங்கே முட்டிக்கொள்கின்றன என்பது கடையில் உங்களைவிட யாருக்குத் தெரியும்? அதைச் சரிசெய்ய ஒரு சிஸ்டம் வடிவமையுங்கள். புரோகிராமிங்தான் உயிர் என்றால் வேறு பட்டம் சொல்லியிருப்பேன். கணக்கும் கணினியும் தெரிந்த உங்களுக்கு இது பொருந்தும்.

அரச வேலை எண்ணம் இருந்தால் ஒரு விஷயம். பிரித்தானியத் தகைமைச் சட்டகத்தில், அதாவது படிப்புகளைத் தரப்படுத்தும் அமைப்பில், பட்டம் ஆறாம் நிலை. நம் நாட்டுத் தகைமைச் சட்டகத்திலோ மூன்று வருடப் பட்டம் ஐந்தாம் நிலை, நான்கு வருடச் சிறப்புப் பட்டம்தான் ஆறு. விளம்பரத்தில் ‘லெவல் 6’ என்று பார்த்து இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பட்டம் தரும் பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள். வகுப்பு நடத்தும் நிறுவனம் வேறு, பட்டம் தருவது வேறு.

அப்புறம், உங்கள் எச்.என்.டி. பழசாகிவிட்டது. சில பல்கலைக்கழகங்கள் ஐந்து வருடத்துக்கு மேற்பட்டதை அப்படியே ஏற்காமல் வேலை அனுபவத்துக்கு அத்தாட்சி கேட்கும். கடை முதலாளியிடம் ஒரு கடிதம் வாங்கி, டிரான்ஸ்கிரிப்டோடு (புள்ளிப் பட்டியல்) பல்கலைக்கழகத்துக்கே நேரே மின்னஞ்சல் அனுப்புங்கள். எழுத்தில் பதில் வரும்வரை பதிவுக் கட்டணம்கூடக் கட்ட வேண்டாம்.