காபன் ஃபைபர் பாகங்கள்: றிமோட் கார்க்காரரின் கேள்விகளுக்குப் பதில்

றிமோட் காருக்குக் காபன் ஃபைபர் பாகம் போடுவது, வெட்டுவது பற்றிக் கொழும்பிலும் அயலிலும் பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

வெள்ளவத்தை: அண்ணா, என் 1/10 அளவு ட்ரக்கில் பிளாஸ்டிக் சேஸியை (அடித்தட்டை) கழற்றிவிட்டுக் காபன் போட்டால் உடையாதுதானே?

உடையும் தம்பி. காபனின் கெட்டித்தனம் விறைப்பிலும் பாரக் குறைவிலும்தான். அலுமினியத்தின் அடர்த்தி 2.7 என்றால் காபன் தகடு 1.6க்குக் கிட்ட வரும். ஆனால் நைலோன் பிளாஸ்டிக் அடி வாங்கினால் வளைந்து திரும்பிவிடும். காபன் அளவு மீறினால் பட்டென்று முறியும், அல்லது படை படையாகப் பிரியும். படிக்கட்டால் பாய விடுகிற ட்ரக்குக்கு நைலோனே போதும். மட்டமான தரையில் ரேஸ் ஓடும் டூரிங் காருக்குத்தான் காபன் சேஸி. அதற்கு 2 முதல் 2.5 மில்லிமீற்றர் தகடு, சொக் அப்சோபரைப் பூட்டும் சொக் டவருக்கு 3 அல்லது 3.5. காசு அளவாக இருந்தால் முதலில் நல்ல டயர் வாங்குங்கள்.

தெஹிவளை: புறக்கோட்டையில் மலிவாக ஒரு தகடு கிடைத்தது. உண்மையான காபனா?

மல்டிமீற்றரை எடுங்கள். காபன் மின்சாரம் கடத்தும், கண்ணாடி இழை கடத்தாது. மேலே ரெசின் (இழைகளை ஒட்டிவைக்கும் பசை) பூச்சு இருப்பதால் தகட்டின் மேற்பரப்பில் வைத்துப் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். விளிம்பை வாட்டர் பேப்பரால் கொஞ்சம் உரசிவிட்டு அங்கே மல்டிமீற்றரின் இரண்டு முனைகளையும் வையுங்கள். ஒன்றுமே காட்டாவிட்டால் அது கறுப்புச் சாயம் போட்ட ஃபைபர் கிளாஸ்.

கொட்டாஞ்சேனை: ஃபிளாட்டில்தான் இருக்கிறேன். வீட்டுக்குள் வெட்டலாமா? தூசி ஆபத்து என்று அம்மா விடுகிறா இல்லை.

அம்மா சொல்வது சரி. அந்தத் தூசி நெஞ்சுக்கும் கண்ணுக்கும் தோலுக்கும் கூடாது. அதோடு அது கரண்ட் கடத்தும் என்பதால் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வெட்டவே வேண்டாம். துணி மாஸ்க் காணாது, என்95 போடுங்கள். கண்ணாடியும் கையுறையும் வேண்டும்.

பல்கனியில் ஒரு தட்டில் தண்ணீர் வைத்து, ஈரத்திலேயே வெட்டித் தேய்த்தால் தூசி பறக்காது. ஈரம் இருக்கும் இடத்தில் மின்சாரக் கருவி வேண்டாம். அங்குலத்துக்கு 32 பல் உள்ள ஹக்சோ பிளேட் போதும். கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு வெட்டுங்கள், இழை பிய்யாது. துளை போடும்போது தகட்டுக்கு அடியில் பலகைத் துண்டு வைத்து இறுக்கிக் கட்டுங்கள். டிரில் பிட் மறுபக்கம் வெளியே வரும் அந்தக் கணத்தில்தான் படை பிரியும், அழுத்தத்தைத் தளர்த்துங்கள். முடிந்ததும் ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள்.

இனிப் பலர் செய்யாமல் விடும் வேலை. வெட்டிய விளிம்பை 400 வாட்டர் பேப்பரால் மழுக்கி, வடிவாகக் காயவிட்டு, தண்ணீர் போல ஓடும் மெல்லிய சுப்பர் குளூவை விளிம்பு நெடுக ஓடவிடுங்கள். படைகளுக்கு நடுவே அது உறிஞ்சப்படுவது கண்ணுக்கே தெரியும். பக்கவாட்டில் அடி விழும்போது பிரியாமல் காப்பது அதுதான். கடையில் வாங்கிய பாகத்துக்கும் இதைச் செய்யலாம்.

பம்பலப்பிட்டி: காபன் சேஸி போட்ட பிறகு கார் கொஞ்சத் தூரத்திலேயே சிக்னல் விடுகிறது. ரிசீவர் பழுதா?

முதலில் அன்டெனாவைப் பாருங்கள் தங்கச்சி. காபன் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மறைக்கும். உறை நீக்கியிருக்கும் நுனி, ஏறக்குறைய 31 மில்லிமீற்றர், அதுதான் அலை பிடிக்கும் பகுதி. அது தகட்டோடு படுத்துக் கிடந்தால் ரிசீவர் என்ன செய்யும்? பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு நிமிர்த்தி வையுங்கள். நுனியை வெட்டிச் சின்னதாக்க வேண்டாம்.

கையோடு பற்றரி வயர்களையும் பாருங்கள். மழுக்காத காபன் விளிம்பு வயரின் உறையை அரிக்கும். லிப்போ (லித்தியம் பொலிமர்) பற்றரியில் அது ஷோர்ட் ஆனால் நெருப்புத்தான்.

கல்கிசை: கடற்கரையில் ஓட்டுகிறேன். அலுமினிய ஸ்குரூவைச் சுற்றி வெள்ளைத் தூள் படிகிறது.

உப்பு ஈரத்தில் காபனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டால் அலுமினியம் அரிக்கும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்குரூவுக்கு மாறுவது நல்லது. அலுமினியப் பாகம் தகட்டில் உட்காரும் இடத்தில் மெல்லிய நைலோன் வாஷர் வையுங்கள்.

மருதானை: சொக் டவரில் கீறல். எபொக்சி போட்டு ஒட்டலாமா?

ஐந்து ரூபாய்க் குற்றியால் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும், பிரிந்த இடம் மொத்தென்று கேட்கும். விளிம்பில் மட்டும் பிரிந்திருந்தால் மெல்லிய சுப்பர் குளூ விட்டு, பொலித்தீன் சுற்றிக் கிளாம்பில் இறுக்கலாம். ஸ்குரூத் துளையைத் தாண்டிக் கீறல் ஓடியிருந்தால் மாற்றுங்கள். இழை அறுந்த பிறகு பசை பாரம் தாங்காது.

வத்தளை: பளபளப்பாக்க மேலே லக்கர் அடிக்கலாமா?

அடிக்கலாம். ஓட்டத்துக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.