விலை வரைபடத்தை எப்படிப் படிப்பது? சுங்கை சிப்புட் வாசகர்களின் கிரிப்டோ கேள்விகள்

கேள்வி: பச்சையும் சிவப்புமாக நிற்கும் கேண்டில்களில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? (பால்மரம் வெட்டும் வாசகர்)

பதில்: ஒவ்வொரு கேண்டிலும் ஒரு கால அளவின் தொடக்க விலை, உச்ச விலை, தாழ்ந்த விலை, முடிவு விலை ஆகிய நான்கையும் காட்டுகிறது. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடைப்பட்டது உடல். மேலும் கீழும் நீள்வது திரி. 400 ரிங்கிட்டில் தொடங்கி, 440 வரை ஏறி, 390 வரை இறங்கி, 405-இல் முடிந்த ஒரு நாளுக்கு உடல் 5 ரிங்கிட்தான், மேல்திரியோ 35 ரிங்கிட். உயர்ந்த விலை நிலைக்கவில்லை என்பதையே அந்த நீண்ட திரி சொல்கிறது. நிறத்தைவிட இந்த அளவுகளைக் கவனியுங்கள். மேலும், பெரும்பாலான தளங்களில் நாள் கேண்டில் நம் நேரப்படி காலை 8 மணிக்கே முடிவதால், விடியற்காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் பெயர் கொடுக்க) புறப்படும் முன் நீங்கள் பார்ப்பது இன்னும் முடியாத கேண்டில். அதன் வடிவம் மாறக்கூடும்.

கேள்வி: 15 நிமிட வரைபடம் ஏறுகிறது, நாள் வரைபடம் இறங்குகிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டும் உண்மையே, ஒரு பெரிய இறக்கத்துக்குள் சிறிய ஏற்றங்கள் பல இருக்கும். வார வரைபடத்தை முதலிலும், நாள் வரைபடத்தை அடுத்தும் பார்ப்பதே புதியவருக்கு ஏற்றது. சிறிய கால அளவில் அடிக்கடி வாங்கி விற்பவர் போட்ட பணத்தைத் தளத்தின் கட்டணமே கரைத்துவிடும். அத்துடன், விலை மாற்றத்தைச் சதவீத அடிப்படையில் காட்டும் மடக்கை (log) அளவுகோலையும் பழகிக்கொள்ளுங்கள். 2021 நவம்பரில் சுமார் 69,000 டாலரைத் தொட்ட பிட்காயின், ஓராண்டில் 16,000 டாலருக்கும் கீழே இறங்கியது. 2024 டிசம்பரில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. சாதாரண அளவுகோலில் 20,000-லிருந்து 10,000-க்கு விழுந்தது சிறியதாகவும், 100,000-லிருந்து 50,000-க்கு விழுந்தது ஐந்து மடங்கு பெரியதாகவும் தெரியும். போட்ட பணத்தில் பாதி போனது இரண்டிலும் ஒன்றுதான். மடக்கை அளவுகோலில் இரண்டு சரிவும் ஒரே உயரத்தில் நிற்கும்.

கேள்வி: விலை நகரும் வேகத்தை 0 முதல் 100 வரை காட்டும் ஆர்.எஸ்.ஐ. (RSI) குறியீடு 70-ஐத் தாண்டினால் விற்றுவிடலாமா?

பதில்: அதை மட்டும் வைத்து விற்க வேண்டாம். வெல்ஸ் வைல்டர் 1978-இல் வெளியிட்ட இந்தக் குறியீடு, கடந்துபோன விலைகளிலிருந்து கணக்கிடப்படுவது. வலுவான ஏற்றத்தில் அது நெடுநாள் 70-க்கு மேலேயே நிற்கும்.

கேள்வி: டெலிகிராம் குழுவில் தினமும் இலாப வரைபடம் அனுப்பி, தங்கள் செயலியிலேயே பணம் போடச் சொல்கிறார்கள். அம்மாவின் சேமநிதிப் பணத்தைப் போடலாமா?

பதில்: கூடாது, தம்பி. போலிச் செயலியில் எந்த வரைபடத்தையும் வரைந்து காட்ட முடியும். மின்னிலக்கச் சொத்துச் சந்தைகள் 2019 முதல் மலேசியப் பங்குப் பத்திர ஆணையத்தின் கட்டுப்பாட்டில் உள்ளன. ஆணையத்தின் இணையத்தளத்தில் பதிவு பெற்ற தளங்களின் பட்டியலும் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலும் இருக்கின்றன. இரண்டையும் அம்மாவுடன் உட்கார்ந்து பாருங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால், குழுவில் வாதாடிக்கொண்டிருக்காமல் உடனே வங்கியையோ, தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையோ அழையுங்கள்.