விட்டுப்போனது பங்களாதான்!

கேள்வி: எங்கள் ஊர் பழைய ஜமீன் பங்களாவின் மூன்று ஏக்கர் தோட்டத்தைப் பொதுப் பூங்காவாக்கப் போகிறோம். சுவரையொட்டிப் பேவர் பிளாக், முன்புறம் ஒரு ஏக்கர் புல்தரை, சுவருக்குப் புது சிமென்ட் பூச்சு. எல்லாம் திட்டத்தில் இருக்கிறது. ஏதாவது விட்டுப்போயிற்றா?
- வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: பங்களா விட்டுப்போயிற்று.

செங்கல், சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சியதை மேல்பூச்சு வழியே காற்றில் விட்டுவிடும். அடியில் பேவர் பிளாக், மேலே சிமென்ட் என்று இரண்டு வழியையும் அடைத்தால் ஈரம் சுவருக்குள்ளேயே மேலே ஏறும். உப்புப் பூக்கும். பிறகு பூச்சு தனியாக விழாது, செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். 'வேலூர்க் கோட்டை அகழித் தண்ணீரிலேயே நிற்கிறதே' என்று கமிட்டியில் ஒருவர் நிச்சயம் கேட்பார். அது கருங்கல், ஐயா!

சுவரடியில் மூன்றடிக்குப் பேவர் பிளாக்கும் வேண்டாம், பூச்செடிப் பாத்தியும் வேண்டாம். வருஷக்கணக்கில் ஏறிக் கிடக்கும் மண்ணைப் பழைய அடிப்பீடத்தின் விளிம்பு தெரிகிறவரை சுரண்டி எடுங்கள். அதற்குக் கீழே கை வைக்காதீர்கள். அங்கிருந்து வெளிப்பக்கமாக அடிக்குக் கால் அங்குலம் சரிவு. மாடித் தண்ணீர்க் குழாய் சுவரடியில் கொட்டினால் இத்தனையும் வீண். கால்வாய் வெட்டி, ஜல்லி-மணல் தொட்டியில் வடிகட்டிக் கிணற்றில் விடுங்கள். நடைபாதைக்கு நாலு அங்குலம் கிராவல் கொட்டித் தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டினால் போதும்.

பூச்சுக்கு, நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு. கத்திரியில் ஆரம்பிக்காதீர்கள். நம்மூர் வெயிலில் பூச்சு ஒரே நாளில் காய்ந்து, விரல் பட்டால் மாவாக உதிரும். ஈரச் சாக்கு தொங்கவிட்டு இரண்டு வாரமாவது பதமாக வைக்க வேண்டும்.

புல்தரையா? கோடையில் சதுர மீட்டருக்கு நாளைக்கு ஐந்து லிட்டர் என்றாலும் ஒரு ஏக்கருக்கு 20,000 லிட்டர். பாலாறு மணலாகக் கிடக்கும் ஊரில் தினம் இரண்டு லாரித் தண்ணீர்! அந்த இடத்தில் புங்கனும் மகிழமும் வையுங்கள். மூன்றடிக் குழி, மரத்துக்கு மரம் இருபதடி, சுவருக்கும் அதே தூரம்.

கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்க வேண்டாம், வேரோடு செங்கல்லும் வரும். ஒட்ட வெட்டி, வெட்டுவாயில் உடனே களைக்கொல்லி தடவச் சொல்லுங்கள். சீமைக்கருவேலத்தை மேலோடு வெட்டினால் துளிர்க்கும். ஓரடி ஆழம் தோண்டி அடிக்கட்டையையே எடுக்க வேண்டும். அதற்காக ஜே.சி.பி.யைச் சுவருக்குப் பத்தடிக்குள் விட்டுவிடாதீர்கள். அங்கே கடப்பாரைதான்.