வேலையின்மை குறைந்தால் இலங்கை மலையகத்துக்கான வேலைவாய்ப்பு உதவியையும் குறைக்கலாமா?

குறைக்கக் கூடாது, திசை மாற்றலாம். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் தொழிற்படை ஆய்வில், ஆய்வு கேட்கும் வாரத்தில் ஒரு மணித்தியாலம் சம்பளத்துக்கு வேலை செய்திருந்தாலே ஒருவர் தொழிலில் உள்ளவர்தான். ஹட்டன் பக்கம் தேயிலைக் கொழுந்து குறைந்த காலத்தில் அரைப்பேரோடு (அரைநாள் சம்பளத்தோடு) வீடு திரும்பும் அக்காவும் அதில் அடக்கம். வேலை தேடி அலுத்து, தேடுவதையே விட்டுவிட்ட தம்பியோ வேலையற்றோர் கணக்கிலேயே வரமாட்டான். 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபா ஆனபோதும், மாத முடிவில் கைக்கு வந்தது எத்தனை நாள் வேலை கிடைத்தது என்பதைப் பொறுத்தே இருந்தது.

நெருக்கடியில் உடனடி வருமானம் முக்கியம். அது தணிந்ததும் அந்தப் பணத்தைத் தொழிற்பயிற்சிக்கும், பயிற்சிக்கால பஸ் செலவுக்கும், பிள்ளை பராமரிப்புக்கும் திருப்பலாம். என்னைக் கேட்டால் முதலில் தமிழில் சொல்லிக்கொடுக்கும் போதனாசிரியர்கள் வேண்டும். அவர்கள் இல்லாத பயிற்சி நிலையம் (எவ்வளவு பெரிய கட்டடமானாலும்) லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) பிள்ளைக்குப் பூட்டிய கடைதான்.