வெள்ளைக் கார்ட்டினா, பச்சைப் பட்டை

வணக்கம் சார்,

பழைய கார்களைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிப்பவன். இங்கிலாந்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு லோட்டஸ் கார்ட்டினாக்கள் விற்பனைக்கு வந்திருக்கின்றன. இரண்டும் மார்க் 1, அதாவது முதல் தலைமுறை. ஒன்று 1964 மாடல், முழுக்கப் புதுப்பித்தது. அலுமினியக் கதவு, 'ஏ ஃபிரேம்' சஸ்பென்ஷன், சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ கொடுத்த பந்தயப் பாஸ்போர்ட் எல்லாம் இருக்கிறது. இன்னொன்று 1965 கடைசியில் பதிவானது. பெயின்ட் மங்கி, சீட் கிழிந்து கிடக்கிறது. பின் சஸ்பென்ஷன் லீஃப் ஸ்பிரிங் (பட்டைகளை அடுக்கிய வில்). ஆனால் முதல் நாளிலிருந்து காகிதங்கள் ஒரு கட்டு இருப்பதாகச் சொல்கிறார்கள். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

நண்பர்கள் முதல் காரைத்தான் வாங்கச் சொல்கிறார்கள். லீஃப் ஸ்பிரிங் வந்ததோடு லோட்டஸ் செத்துவிட்டது என்கிறார் ஒருவர். என் மனைவியோ, "அறுபது வருஷத்துப் பழைய ஃபோர்டுக்கா இவ்வளவு பணம்?" என்கிறாள். எனக்கு ரேஸ் ஓட்டும் எண்ணமெல்லாம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்ட வேண்டும், கடைசிவரை வைத்துக்கொள்ள வேண்டும். எதை வாங்கலாம்?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் உங்கள் மனைவிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், அது ஃபோர்டுதான். டேகன்ஹாமில் ஃபோர்டு செய்த இரண்டு கதவு கார்ட்டினாவின் பாடி ஷெல், செஷன்டில் இருந்த லோட்டஸ் ஆலைக்குப் போய், எஞ்சினும் சஸ்பென்ஷனும் மாட்டிக்கொண்டு வெளியே வந்தது. ஃபோர்டின் மக்கள் தொடர்பைப் பார்த்துக்கொண்ட வால்டர் ஹேஸ், லோட்டஸ் அதிபர் காலின் சாப்மனிடம் போட்ட யோசனை அது. அப்போதைய குரூப் 2 பந்தய விதிப்படி ஒரு காரை இறக்க வேண்டுமென்றால் ஆயிரம் கார்களாவது செய்திருக்க வேண்டும். அதனால்தான் இப்படி ஒரு கார் சாலைக்கே வந்தது. எஞ்சினின் அடிப்பாகம் ஃபோர்டு, மேலே இரட்டை கேம்ஷாஃப்ட் ஹெட். ஹெட்டை வடிவமைத்த ஹாரி மண்டி அப்போது ஒரு கார் பத்திரிகையின் தொழில்நுட்ப ஆசிரியர். ஹேஸும் முன்னாள் பத்திரிகை ஆசிரியர்தான். பத்திரிகைக்காரர்களால் உருப்படியாக எதுவும் நடக்காது என்பவர்களிடம் நான் எடுத்துக்காட்டும் கார் இது.

1558 சிசி, இரண்டு வெபர் கார்புரேட்டர், 105 குதிரைத்திறன். அதே காலத்தில் ஃபோர்டின் வேக மாடலாக இருந்த கார்ட்டினா ஜிடிக்கு 1498 சிசி, 78 குதிரைத்திறன். 1964இல் பந்தய வீரர் ஜிம் கிளார்க் லோட்டஸ் கார்ட்டினாவை ஓட்டித்தான் பிரிட்டிஷ் சலூன் கார் சாம்பியன் பட்டம் வாங்கினார். வளைவில் உள்பக்க முன்சக்கரம் தரையை விட்டு மேலே நிற்க, அவர் சாவகாசமாகத் திருப்பிக்கொண்டு போகும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த ஆண்டு ஜான் விட்மோர் ஐரோப்பிய டூரிங் கார் பட்டத்தையும் வென்றார். மார்க் 1 மொத்தம் சுமார் 3,000 கார்கள்தான். விலை ஏறியதற்கு இவ்வளவு காரணம் போதும்.

சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. இதன் ஷெல் ஃபோர்டு என்பதால், எந்த இரண்டு கதவு கார்ட்டினாவையும் லோட்டஸ் ஆக்கிவிடலாம். எஞ்சின் லோட்டஸ் எலானில் வந்த அதே குடும்பம், தேடினால் கிடைக்கும். அலுமினியக் கதவு, போனட், டிக்கி மூடி எல்லாம் போல்ட் போட்டு மாட்டுகிற சமாச்சாரம். வெள்ளைப் பெயின்ட், பக்கவாட்டில் பச்சைப் பட்டை, முன்னால் இரண்டு குட்டி பம்பர், முடிந்தது. கழற்றி மாட்ட முடியாதது ஷெல்லும், அதில் அடித்திருக்கும் எண்ணும், அந்த எண்ணைத் தொடர்ந்து வரும் காகிதமும்தான். நிலம் வாங்குகிறவர் மூலப்பத்திரம் கேட்பது மாதிரி நீங்கள் இதைக் கேட்க வேண்டும்.

எஃப்ஐஏ பாஸ்போர்ட்டைப் பெரிதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த ஆவணம் சொல்வது ஒன்றே ஒன்று: இந்தக் கார் அந்தக் காலத்து விதிமுறைக்கு ஏற்றபடி இருக்கிறது, வரலாற்றுப் பந்தயத்தில் ஓடலாம். பிறந்தபோதே அது லோட்டஸ்தானா என்பதற்கு அது சாட்சி இல்லை. ஜிடி ஷெல்லில் கட்டிய காருக்கும் அது கிடைக்கலாம். விளம்பரத்தில் அதை முதல் வரியில் போட்டுவிட்டுப் பழைய லாக்புக்கை (பதிவுப் புத்தகத்தை)ப் பற்றிப் பேச்சே எடுக்காத விற்பனையாளரிடம் நான் கொஞ்சம் எச்சரிக்கையாகத்தான் பேசுவேன்.

அந்தப் பழைய லாக்புக் இருக்கிறதே, அதுதான் சொத்து. கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய, கவுன்டி அலுவலகம் கொடுத்த அட்டைப் புத்தகம். மடிப்பில் கிழிந்து, ஒவ்வொரு உரிமையாளர் பெயருக்குப் பக்கத்திலும் ரப்பர் ஸ்டாம்ப் விழுந்திருக்கும். அதில் எஞ்சின் கொள்ளளவு எழுதிய இடத்தைப் பாருங்கள். 1558 என்று இருந்தால் நிம்மதி. 1498 என்று இருந்தால் நீங்கள் பார்ப்பது ஜிடி, விற்பவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும். இப்போதைய வி5சி பதிவுப் புத்தகத்தில் இருக்கும் சேசிஸ் எண்ணை ஷெல்லில் அடித்த எண்ணோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். லோட்டஸ் கார்ட்டினா ரிஜிஸ்டர் என்று ஓர் அமைப்பு இருக்கிறது, எண்ணைக் கொடுத்து அவர்களிடமும் விசாரியுங்கள். வண்டி நம்பரைப் போட்டால் அரசு இணையதளத்தில் எம்ஓடி என்கிற வருடாந்திரத் தகுதிச் சோதனையின் பழைய விவரம், ஓடிய மைல் எல்லாம் வரும். நாற்பது வயது தாண்டி, பெரிய மாற்றம் செய்யாத காருக்கு எம்ஓடி கட்டாயம் இல்லை என்பதால் சமீப வருடங்கள் காலியாக இருக்கலாம். அதற்காகச் சந்தேகப்பட வேண்டாம்.

நேரில் போகும்போது கைக்குட்டையில் சுற்றிய சின்னக் காந்தம் ஒன்று கொண்டுபோங்கள். கதவில் வையுங்கள். ஒட்டாவிட்டால் அலுமினியம், சந்தோஷம். அதே காந்தத்தைக் கதவுக்குக் கீழே ஸில் ஓரமாக நகர்த்திக்கொண்டே போங்கள். அங்கே ஒட்டாமல் வழுக்கினால் உள்ளே பட்டி அடைத்திருக்கிறது என்று அர்த்தம், அப்புறம் அழ வேண்டியதுதான். போனட்டைத் திறந்து, முன் ஸ்ட்ரட் (சஸ்பென்ஷன் தூண்) மேலே வந்து சேரும் இடத்தைச் சுற்றித் தடவிப் பாருங்கள். கார்ட்டினா துருப்பிடிக்கும் முக்கியமான இடம் அது. பின்னால் டிக்கியைத் திறந்து கார்ப்பெட்டைத் தூக்குங்கள். பேட்டரி அங்கேதான் இருக்க வேண்டும், முன்னால் அல்ல. அசல் ஏ ஃபிரேம் ஷெல் என்றால் பின்சக்கர வளைவுக்கும் டிக்கித் தரைக்கும் இடையே வலுவூட்டும் குழாய்கள் இருக்கும். வெல்டிங் புதிதாகத் தெரிந்தால் யார், எப்போது, ஏன் என்று கேளுங்கள்.

உங்கள் 1964 கார் எந்த மாதத்தது என்று எழுதவில்லை. அந்த வருடத்தின் நடுவிலேயே அலுமினியப் பாகங்கள் விருப்பத் தேர்வாகிவிட்டன. அதற்குப் பின் வந்த காரில் இரும்புக் கதவு இருந்தால் குறை இல்லை, அலுமினியக் கதவு இருந்தால்தான் ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

இனி உங்கள் நண்பரின் லீஃப் ஸ்பிரிங் துக்கம். ஏ ஃபிரேம் காகிதத்தில் அழகான வடிவம். ஆக்சிலைக் காயில் ஸ்பிரிங் தாங்க, பக்கவாட்டு அசைவை ஏ எழுத்து மாதிரியான சட்டம் ஒன்று பிடித்துக்கொள்ளும். அதன் முனை, ஆக்சிலின் நடுவே பல்சக்கரங்கள் இருக்கும் டிஃபரன்ஷியல் உறையின் அடியில் மாட்டியிருக்கும். விளைவு, வளைவில் வரும் விசையெல்லாம் அந்த உறை மேல் விழுந்தது. போல்ட் தளர்ந்தது, எண்ணெய் ஒழுகியது, ஒழுகிய எண்ணெய் சட்டத்தின் ரப்பர் புஷ்ஷை ஊறவைத்துக் கெடுத்தது, புஷ் கெட்டதும் ஆக்சில் ஆட ஆரம்பித்தது. 1965 நடுவில் லீஃப் ஸ்பிரிங்குக்கு மாற்றினார்கள். அதற்கு முன்பே வாங்கியவர்களில் சிலர் தங்கள் காரைத் தாங்களே மாற்றிக்கொண்டார்கள். இன்று அதே வேலை தலைகீழாக நடக்கிறது, விலைக்காக. ஞாயிற்றுக்கிழமை ஓட்டுவதற்கு லீஃப் ஸ்பிரிங் கார்தான் சௌகரியம் என்பது என் கட்சி. ஏ ஃபிரேம்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

எஞ்சினில் ஒரே ஒரு எச்சரிக்கை. வாட்டர் பம்ப் முன்பக்க மூடிக்குள்ளேயே இருக்கிறது. அது போனால் ஹெட்டையும், அடியில் எண்ணெய் நிற்கும் சம்ப்பையும் கழற்றித்தான் சரிசெய்ய வேண்டும். ஃபேன் பெல்ட்டை யாராவது இழுத்து முறுக்கியிருந்தால் அந்த நாள் சீக்கிரம் வரும். எஞ்சினை அணைத்துவிட்டு, பெல்ட்டைத் தளர்த்தச் சொல்லி, புல்லியைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்ல அது ஒன்றே போதும்.

ஜிடி ஷெல்லில் கட்டிய கார் மட்டம் என்று நான் சொல்லவில்லை. நன்றாகக் கட்டியிருந்தால் ஓட்டுகிறவருக்கு வித்தியாசமே தெரியாது. அதை அப்படியே சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் தாராளமாக வாங்கலாம். அசலின் விலையைக் கேட்டால்தான் திருட்டு.

உங்கள் முதல் காரை இன்னும் தள்ளிவிட வேண்டாம், பழைய லாக்புக்கின் படத்தைக் கேளுங்கள். வந்தால் பார்ப்போம். ஆனால் இரண்டாவது கார்க்காரருக்கு இந்த வாரமே போன் செய்யுங்கள். பெயின்ட்டும் சீட்டும் பணம் கொடுத்தால் வரும். போய்ப் பார்க்கும்போது அந்தக் காகிதக் கட்டை அவசரப்படாமல் ஒரு மேஜையில் பரப்பி, தேதி வரிசையில் அடுக்கிப் படம் எடுத்து அனுப்புங்கள். எந்த வருடங்களுக்குக் காகிதம் இல்லை என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன்.