கர்ப்பிணிப் பெண்களுக்காக நிதியுதவி கிடைத்தால் முதலில் எதற்குச் செலவிட வேண்டும்?

உசிலம்பட்டிப் பக்கம் இருக்கும் உங்கள் மகளிர் குழுக் கூட்டமைப்புக்கு ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து மூன்று லட்சம் ரூபாய் கிடைக்கக்கூடும் என்றும், அதில் கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவும் இரும்புச்சத்து மாத்திரையும் வாங்கித் தரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதே பகுதியில் ஒரு சிறு அறக்கட்டளையில் ஆறு ஆண்டுகள் கணக்கு எழுதியவள் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டையும் வாங்க வேண்டாம்.

மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. சத்துமாவை அங்கன்வாடியில் தருகிறார்கள். தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாயில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் அடக்கம். இல்லாத பொருள் என்று பெரிதாக எதுவுமில்லை.

ஒருமுறை கிராம சுகாதார செவிலியருடன் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தியின் வீட்டுக்குப் போயிருந்தேன். கர்ப்பகாலத்தில் 100 மில்லி இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனாலே இரத்தசோகைதான். அவளுடைய பரிசோதனை அட்டையில் 8.2 என்று எழுதியிருந்தது. கொடுத்த மாத்திரைகளில் ஒரு சில தவிர மற்றவை எல்லாம் ஆணியில் தொங்கிய மஞ்சப்பைக்குள் அப்படியே இருந்தன. "அதத் தின்னா பிள்ள பெருத்துப் போகும் நர்சம்மா, பெறகு வயித்தக் கிழிக்கணும்பாக" என்றார் மாமியார். அவர் உள்ளே போன பிறகு அந்தப் பெண் தணிந்த குரலில் வேறு காரணம் சொன்னாள்: நான்கு நாள் விழுங்கியதில் மலம் கறுப்பாகப் போனதாம், பயந்து நிறுத்திவிட்டாளாம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் போகும், அதனால் கெடுதல் இல்லை, டீயுடன் மட்டும் சேர்த்துச் சாப்பிடாதே என்று செவிலியர் பொறுமையாக விளக்கினார். இந்தப் பேச்சுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. பல ஊர்களை ஒருவராகப் பார்க்கும் செவிலியருக்கு எல்லா வீட்டிலும் அந்தக் கால் மணி நேரம் வாய்ப்பதில்லை. உங்கள் குழுவிலேயே பிள்ளை பெற்று வளர்த்த, பேசத் தெரிந்த இரண்டு பெண்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்து அந்த வேலையைச் செய்யவைப்பதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும்.

அடுத்தது கூலி. எங்கள் பக்கம் கர்ப்பிணிகளுக்கான பரிசோதனை செவ்வாய்க்கிழமை நடக்கும். மல்லிகை பறிக்கும் பெண்ணுக்கோ விடியற்காலைதான் வேலை நேரம். மொட்டு அவிழ்வதற்குள் பறித்தாக வேண்டும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றாலும், வரிசையில் நின்று இரத்தம் கொடுத்து ஸ்கேன் முடித்துத் திரும்புவதற்குள் அன்றைய கூலி போய்விடுகிறது. நான்கு பரிசோதனைகளுக்காவது அந்தக் கூலியை ஈடுசெய்வதாக விண்ணப்பத்தில் எழுதுங்கள். 'இலவசச் சிகிச்சைக்கு வருவதற்குப் பணமா' என்று நிதி கொடுப்பவர் கேட்பார், எங்களிடமும் கேட்டார்கள். ஒரு நாள் கூலிக் கணக்கை எழுதிக் காட்டியபின்தான் ஒப்புக்கொண்டார்கள்.

அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் 19 வயது நிறைந்தவர்களுக்கும், முதல் இரண்டு பிரசவங்களுக்கும் மட்டுமே. ஆகவே பதினேழு வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டவளும், மூன்றாவதாகச் சுமப்பவளும் விடுபடுகிறார்கள். முன்னவளை வழக்கு வந்துவிடும் என்று பயந்து வீட்டார் பதிவுக்கே அனுப்புவதில்லை. செங்கல் சூளைக்கு வெளியூரிலிருந்து வந்த பெண்ணின் பதிவும் அட்டையும் பெரும்பாலும் சொந்த ஊரிலேயே கிடக்கின்றன. பணத்தில் பெரும்பகுதி இவர்களைத் தேடிப் போவதற்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் கருத்து.

கூட்டமைப்பு இந்த நிதியை நேரடியாகப் பெறுவது கடினம். 2021 ஏப்ரல் முதல், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை (சி.எஸ்.ஆர்.) பெறும் தொண்டு நிறுவனம் ஒன்றிய அரசின் நிறுவன விவகார அமைச்சகத்திடம் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அறக்கட்டளைக்கும் அதற்கு நன்கொடை தருபவருக்கும் வருமான வரிச் சலுகை தரும், 12ஏ, 80ஜி என்று சொல்லப்படும் பதிவுகளும் வேண்டும். இவை உள்ள அறக்கட்டளை ஒன்றுடன் எழுத்துமூலம் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்.

கருவி வாங்குவதானால் ஒரு எச்சரிக்கை. ஹீமோகுளோபின் பார்க்கும் கையடக்க மீட்டர்கள் மூன்றை நாங்கள் வாங்கினோம். ஒவ்வொரு முறையும் இரத்தத்துளி வைத்துப் பார்க்க அதற்குப் போடும் ஸ்ட்ரிப்புக்குப் (பரிசோதனைப் பட்டை) பணம் ஒதுக்க மறந்தோம். அது என் கணக்கில் நேர்ந்த பிழை. முதல் டப்பா தீர்ந்ததும் மீட்டர்கள் பீரோவுக்குள் போயின. ஆகவே வரவு செலவுத் திட்டத்தில் ஸ்ட்ரிப்புக்கென்று தனியாக ஒரு வரி எழுதுங்கள். அதன் காலாவதித் தேதியைப் பார்த்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்குவதாகக் குறிப்பிடுங்கள்.