துக்க வீட்டில் நண்பர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: நெருங்கிய தோழியின் அப்பா போன வாரம் தவறிவிட்டார். ‘எது வேண்டுமானாலும் கேள்’ என்று சொல்லிவிட்டு வந்தேன். இதுவரை அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானாகப் போய் நின்றால் தொந்தரவாக இருக்குமோ?

பதில்: கேட்க மாட்டார். என்ன தேவை என்று யோசித்து, யாரிடம் சொல்வது என்று முடிவுசெய்து, கூச்சத்தை விட்டு வாய் திறப்பது வரை எல்லாவற்றையும் அந்த ஒரு வாக்கியம் அவர் தலையிலேயே கட்டிவிடுகிறது. இழப்பு நேர்ந்த முதல் வாரங்களில் பலருக்கும் தூக்கம் கெடும், கவனம் நிற்காது, சாவியை வைத்த இடம்கூட மறந்துபோகும். ‘சரி’, ‘வேண்டாம்’ இரண்டில் ஒன்றைச் சொன்னால் போதும் என்கிற மாதிரி கேளுங்கள்: ‘நாளை நாலு மணிக்கு வந்து குழந்தையை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ளட்டுமா?’ செய்தி அனுப்பினால் கடைசியில் ‘பதில் போட வேண்டாம்’ என்று சேருங்கள்.

தொலைபேசியையும் கவனியுங்கள். எப்படி ஆயிற்று, எப்போது ஆயிற்று என்று கேட்பவர்களுக்கெல்லாம் அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வதுதான் பலரை ஓயவைக்கிறது. அவர் சம்மதித்தால் அழைப்புகளை நீங்கள் எடுங்கள். சாப்பாடு கொண்டுபோனால் திருப்பித் தர வேண்டாத பாத்திரத்தில் கொண்டுபோங்கள். யாருடைய டப்பா எது என்று கணக்கு வைக்கும் நிலையில் அந்த வீடு இருக்காது.

கேள்வி: காகித வேலைகளில் வெளியாள் நான் எந்த அளவுக்கு உதவலாம்?

பதில்: அலையலாம், எழுதி வைக்கலாம், வரிசையில் நிற்கலாம். கையெழுத்தும் கடவுச்சொல்லும் குடும்பத்தாருடையவை, அவற்றில் தலையிடாதீர்கள். இறப்புச் சான்றிதழில் பெயரும் தேதியும் மற்ற அடையாள ஆவணங்களோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று கையில் வாங்கும்போதே பார்க்கச் சொல்லுங்கள். ஒரு எழுத்துப் பிழை போதும், வங்கியும் காப்பீடும் திருப்பி அனுப்பிவிடும். பிரதிகளைக் கூடுதலாகவே வாங்கட்டும். ஒரு நோட்டில் தேதி, அலுவலகம், பேசியவர் பெயர், மனு எண் நான்கையும் குறித்துக்கொடுங்கள்.

இறந்தவரின் கைபேசி எண்ணை அவசரப்பட்டுத் துண்டிக்க விடாதீர்கள். எந்தக் கணக்கு எங்கே இருக்கிறது, எந்தத் தவணை பாக்கி என்பதெல்லாம் அதற்கு வரும் செய்திகளில்தான் தெரியவரும். (அதை வைத்து யாரும் பணம் எடுக்கக் கூடாது, அது வேறு வம்பு.) குரல் பதிவுகளையும் படங்களையும் இரண்டு இடங்களில் பிரதி எடுத்தபிறகே கைபேசியில் உள்ளதை அழிக்கலாம். உதவுவதாக நினைத்து அறையை ஒழித்து, துணிகளைத் துவைத்து வைத்துவிடாதீர்கள். அந்தச் சட்டையில் மிச்சமிருந்த வாசனை திரும்ப வராது.

கேள்வி: அம்மாவை இழந்து இரண்டு மாதம். நண்பன் ஒரு நாள் சிரிக்கிறான், மறுநாள் உடைந்துபோகிறான். துக்கத்துக்கு ஐந்து கட்டம் என்கிறார்களே, இவன் எதில் இருக்கிறான்?

பதில்: கட்டத்தைத் தேடாதீர்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அந்த ஐந்தையும் (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு) சொன்னது, தம் மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசியதை வைத்து. 1999இல் ஸ்ட்ரோப், ஷூட் என்ற துக்க ஆய்வாளர்கள் இருவரும் முன்வைத்த விளக்கம் உங்கள் நண்பருக்குக் கூடுதலாகப் பொருந்தும்: மனம் இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய்வரும். அவர் சிரித்தால் கூடச் சிரியுங்கள், அழுதால் பக்கத்தில் உட்காருங்கள்.

அம்மாவைப் பற்றிப் பேசினால் ஞாபகப்படுத்தியதாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம், அவர் மறந்திருந்தால்தானே! ‘கஷ்டப்படாமல் போய்விட்டார்’ என்பதை அவர் சொன்னால் ஆமோதியுங்கள், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். அம்மாவின் பிறந்தநாளையும் நினைவுநாளையும் இப்போதே குறித்துவைத்து, முந்தைய நாளே பேசுங்கள்.

கடும் ஏக்கம் நாள்தோறும் தொடர்ந்து அன்றாட வாழ்க்கையையே முடக்கினால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீடித்த துக்கக் கோளாறு என்று கணிக்க, உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு குறைந்தது 6 மாதம் என்கிறது, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. ‘நானும் போய்விடலாம்’ என்ற பேச்சு வந்தால் மட்டும் நாள் எண்ணாதீர்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப்போங்கள்.

கேள்வி: இறுதிச் சடங்குக்குப் போக முடியவில்லை. ஆறு வாரம் ஓடிவிட்டது. இனிப் பேசினால் தப்பாகுமா?

பதில்: பேசுங்கள், வந்தவர்கள் கலைந்திருக்கும் நேரம் இது. வராததற்கு ஒரே வரியில் மன்னிப்புக் கேளுங்கள். காரணத்தை நீட்டினால் அவர் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும்.